ஜாபிதாவில் ஏறாத மொய்

நான் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன். செல்லூரில் இன்றைக்கும் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். சொல்லட்டும். 'கடனை அடைக்க எனக்கு வழியில்லை, என்னைத் திவாலானவன் என்று அறிவியுங்கள்' என்று கோர்ட்டில் மனுக் கொடுத்தவன்தான் நான். ஆனால் அந்த மனு தயாரான பத்து நாளில் என் மனைவி செய்த காரியத்தை ஒருவரும் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியாது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. கொட்டாம்பட்டிப் பக்கம் கடலையும் சோளமும் விதைத்த குடும்பம் எங்களுடையது. தறிக்கும் எங்களுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பவர்லூம் போட்டால் காசு கொட்டும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு மதுரைக்கு வந்து, செல்லூரில் ஒரு சந்துக்குள் ஷெட் பிடித்து, பழைய தறி நாலு வாங்கிப் போட்டேன். இரண்டு தறி கைப்பணத்தில். மற்ற இரண்டும் மகள் காதுகுத்துக்கு வந்த மொய்ப் பணத்தில். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். விசேஷம் வைப்போம், சொந்தபந்தம் மொய் செய்யும், மொத்தமாக வருகிற அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவோம், மாடு வாங்குவோம். பிறகு அவரவர் வீட்டு விசேஷத்தில் வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வைத்துத் திருப்பிச் செய்வோம். யார் எவ்வளவு செய்தார்கள் என்பதற்கு வீட்டுக்கு வீடு ஒரு நோட்டு உண்டு.

மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு நூல் விலை ஏறியது. அதோடு, சிம்மக்கல்லில் என்னிடம் துண்டு வாங்கிக்கொண்டிருந்த மொத்த வியாபாரி ஒரு நாள் கடையை இழுத்து மூடிவிட்டு ஊரை விட்டே போய்விட்டார். எனக்கு வர வேண்டியது அவரோடு போயிற்று. நூல் கடைக்குப் பாக்கி விழுந்தது. புரோநோட்டு எழுதிக் கொடுத்து ஒரு இடத்தில் வாங்கினேன், அதை அடைக்க இன்னொரு இடத்தில் வாங்கினேன். கடைசியில் ஒருவர் கோர்ட்டில் என் மேல் டிகிரி, அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் தீர்ப்பு, வாங்கிவிட்டார். ஒரு நாள் காலையில் கோர்ட் அமீனா வாசலில் வந்து நின்று, பணம் கட்டாவிட்டால் அடுத்த தடவை கைது வாரண்டோடு வர வேண்டியிருக்கும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வடக்குமாசி வீதிப் பக்கம் ஒரு வக்கீலிடம் நானும் மனைவியும் போனோம். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஐ.பி. போட்டுருவோம். திவால் மனு. அத எடுத்துக்கிட்டா கோர்ட் உங்களுக்குப் பாதுகாப்பு குடுக்கும், அமீனா கை வைக்க முடியாது. ஆனா கோடை லீவுக்குக் கோர்ட் மூடுறதுக்குள்ள போட்டாகணும். பத்து நாள்தான் இருக்கு. மொத வேலை ஜாபிதா. யாருக்கு எம்புட்டுக் குடுக்கணும்னு ஒரு ஆள் விடாம, பேரு விலாசத்தோட ஒரு பட்டியல். உங்ககிட்ட என்ன இருக்குன்னு இன்னொரு பட்டியல். ஒளிச்சு மறைச்சா கோர்ட் நம்பாது."

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த வேலை ஷெட்டில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்ததுதான். எனக்கு வீரமெல்லாம் வாயில்தான். கோபம் மட்டும் குறைச்சலில்லாமல் வரும். நூல் கடைக்காரனைத் திட்டினேன், ஓடிப்போன வியாபாரியைத் திட்டினேன், சாப்பிடக் கூப்பிட்ட அவளையும் திட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவள், மகளின் பள்ளிக்கூட நோட்டில் மீதியிருந்த தாள்களில் கோடு கிழித்து உட்கார்ந்தாள்.

மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு அவளே கிளம்பினாள். கடன் கொடுத்த ஒவ்வொருவர் வாசலிலும் போய் நின்று, "எங்க கணக்குல இம்புட்டு வருது, உங்க கணக்குல எம்புட்டுன்னு பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். எதற்காகக் கேட்கிறாள் என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் முகத்தில் முழிக்கப் பயந்து நான் ஆறு மாதமாகச் சந்து மாறிச் சந்து போய்க்கொண்டிருந்தேன். இவள் கேட்டதும் அவர்கள் நோட்டை விரித்தார்கள். ஒருவர் கத்தினாராம், கத்தி முடிக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத் தொகையை வாங்கி எழுதிக்கொண்டாளாம். நூல் கடைக்காரர், நான் கட்டியதையே மறந்துபோன ஒரு தவணையைக் கழித்துச் சொல்லி அனுப்பினார். அவர் அப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவே இல்லை. முந்தின நாள் அவரைத் திட்டியதற்கு அன்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழாம் நாள் ஜாபிதாவோடு வக்கீலிடம் போனோம். முதல் தாளைப் பார்த்து, "பிரமாதம்மா, என் குமாஸ்தாகூட இப்பிடி எழுத மாட்டாரு" என்றார். தாளைத் திருப்பினார். திருப்பிக்கொண்டே போனார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாய்விட்டுப் படித்தார்:

"மேலத்தெருப் பெரிய மாமன், நூத்தியொரு ரூவா. கெணத்தடி வீட்டுக்காரரு, அம்பத்தோரு ரூவா. சின்னத்தை, ஒரு பித்தளைக் கொடம். யாரும்மா இவங்கள்லாம்?"

"மொய்ங்கய்யா. நூத்திப் பன்னெண்டு பேரு."

வக்கீல் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்து குமாஸ்தா எட்டிப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று. மொய் நோட்டைப் பார்த்து அவள் எழுதிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தால்தானே.

"சிரிக்காதீகய்யா" என்றாள். "ஒரு ஆள் விடாம எழுதச் சொன்னது நீங்கதான. ரெண்டு தறி இவுக குடுத்த காசுல வந்தது. கோர்ட் அந்தத் தறிய எடுத்து வித்து நூல் கடைக்கும் புரோநோட்டுக்காரவுகளுக்கும் பங்கு வைக்கப் போகுது. அப்ப இவுகளுக்கு ஒண்ணுமில்லயா?"

வக்கீல் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது நியாயம்மா. ஆனா மொய்ய சட்டம் கடனா எடுத்துக்காது. அன்பளிப்புன்னுதான் சொல்லும். இத வச்சு யாரும் கேஸ் போட முடியாது."

"கேஸ் போட முடியாதுன்னா குடுக்க வேண்டியதில்லைன்னு ஆயிருமா?"

"நீ சொல்றியேன்னு எழுதிப் போட்டாலும், அம்புட்டுப் பேருக்கும் கோர்ட்லருந்து நோட்டீஸ் போகும். பரவாயில்லயா?"

கொட்டாம்பட்டிச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தபால்காரர் சைக்கிளில் போய் வீடு வீடாக என் மானத்தைக் கொடுத்துவிட்டு வருவார். "வேணாம்! கிழிச்சுப் போடு அத!" என்று கத்தினேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நோட்டீஸ் போனாப் போகட்டும். அதுக்கப்புறம்?"

"அப்புறம் என்ன, ரெண்டு மூணு வருசத்துல கோர்ட் விடுதலை குடுக்கும். ஜாபிதாவுல ஏறுன கடனெல்லாம் அதோட தீந்தது. ஒருத்தரும் உங்களக் கேக்க முடியாது."

"ஏறாதது?"

"ஏறாதது அப்பிடியே நிக்கும்."

அவள் வக்கீல் கையிலிருந்து அந்த நோட்டை வாங்கி, முதல் தாளை மட்டும் மேஜையில் வைத்தாள். மொய் எழுதிய தாள்களைத் தையலிலிருந்து நோகாமல் பிரித்து, நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

"அப்ப இது நிக்கட்டும்ங்கய்யா. இவுக எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க."

வக்கீல் எழுந்து நின்று வக்காலத்துக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அதற்கு முன்பு எங்களுக்காக அவர் எழுந்து நின்றதில்லை.

லீவுக்கு இரண்டு நாள் முன்னால் மனுப் போட்டோம். கோர்ட் வாசலில் டவாலி என் பெயரை மூன்று தடவை கூவினார். வராந்தாவில் செல்லூர் ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். நான் வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டே உள்ளே போனேன். கைது நின்றது. லீவு முடிந்து கோர்ட் திறந்ததும் தறிகள் போயின. அடுத்த மாதத்திலிருந்து நான் வேறொருவர் ஷெட்டில் கூலிக்குத் தறி ஓட்டினேன். அவள் பக்கத்துத் தறிகளுக்கு நூல் சுற்றிக் கொடுத்தாள்.

தை மாதம் ஊரில் கிணற்றடி வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்திருந்தது. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? நான் வரல" என்றேன். "அவுக உங்க பேரப் போட்டுத்தான் பத்திரிகை வச்சிருக்காக. நீங்க வராட்டி நான் மட்டும் போறேன்" என்றாள். நூல் சுற்றிய கூலியில், வாங்கிய ஐம்பத்தொன்றோடு பத்து கூட்டி, அறுபத்தொரு ரூபாய் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கடைசியில் நானும் பஸ் ஏறினேன்; மேலூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பந்தலில் மொய் எழுதுகிற மேஜைக்கு நேராகப் போனாள். எழுதிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிட்டார். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தி, "இருக்கட்டும் ஆத்தா. உங்க நெலம எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாக. நல்லா ஆனப்பறம் செஞ்சுக்கலாம்" என்றார். நல்ல மனுஷன், இரக்கத்தில்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. டவாலி கூப்பிட்டபோதுகூட அவ்வளவு கூசவில்லை.

"எழுதுங்கண்ணே" என்றாள் அவள். முடிச்சை அவிழ்த்துப் பணத்தைத் தட்டில் வைத்தாள். "இவுக பேருல எழுதுங்க. செல்லூருன்னு ஊரையும் போடுங்க."

அவர் எழுதினார். பக்கத்தில் மைக் வைத்திருந்தவர் அந்த வரியை வாங்கி, செல்லூர் என்று ஊரைச் சொல்லி, என் பெயரைச் சொல்லி, அறுபத்தொரு ரூபாய் என்று வாசித்தார். குழாய் ரேடியோவில் அது வயற்காடு வரைக்கும் கேட்டிருக்கும். பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலத்தெருப் பெரிய மாமன் அங்கிருந்தே, "மாப்ள, வந்து ஒக்காரு, எல போட்டாச்சு" என்று கூப்பிட்டார். நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்வதில் எனக்கென்ன வெட்கம்.

சாப்பிட்டு வந்ததும் அவள் பைக்குள்ளிருந்து அந்த மடித்த தாள்களை எடுத்தாள். மொய் மேஜையில் பேனாவை இரவல் வாங்கி என் கையில் கொடுத்து, கிணற்றடி வீட்டுக்காரர் பெயரைக் காட்டி, "நீங்க அடிங்க" என்றாள். அடித்தேன்.

கோர்ட் எனக்கு இரண்டே வருஷத்தில் விடுதலை கொடுத்துவிட்டது. அந்தத் தாள்களில் கடைசிப் பெயரை அடிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. கோடெல்லாம் என் கையால் போட்டது. பாதிக் காசு அவள் நூல் சுற்றியது.