பறி கவ்விய வாய்கள்

கிள்ளை இருளர் குடியிருப்பின் முதல் பட்டதாரி அன்பரசு, எரிவாயு தேடிவந்த கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவன். அன்று அதிகாரியைக் கழிக்கரைக்கு அழைத்துவந்தான். கழுத்தளவு நீரில் பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்வியிருந்தார்கள்.

"இங்க கம்பெனி கெணறு தோண்டலாமா?" என்று அன்பரசு கேட்டான். ஒருத்தியும் பேசவில்லை.

"யாரும் மறுக்கல சார்" என்றான்.

அதிகாரியின் ஜீப் போனதும் செல்லாயி அத்தை கரையேறிப் பறியைக் கையில் எடுத்தாள்.

"ஏன் மருமவனே, பறியக் கவ்விக்கிட்டு எப்புடிப் பேசுறது? காலேஜு போயி மறந்துட்டியா?"

மறக்கவில்லை. இறால் பிடிக்கும் நேரமாகப் பார்த்து அதிகாரியை வரச்சொன்னதே அவன்தான்.

"ஆமா அத்த, மறந்துட்டேன்."

"சரி, வேணாம்னு சொல்லிடு. நீ சொன்னாக் கேப்பாங்க" என்றவள், அவனை நம்பி மறுபடி நீரில் இறங்கினாள். அன்பரசுவால் அவள் முதுகைக்கூட ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.