ரசத்துக்கு ஓர் இங்கிலீஷ் நன்றி

திருக்கோகர்ணத்தில் மாடிவீட்டில் தனியாகக் குடியிருந்தபோது காய்ச்சலில் படுத்துவிட்டேன். கீழ்வீட்டு செல்வி அக்காதான் தினமும் தூக்குவாளியில் ரசஞ்சோறு கொண்டுவந்து உடம்பைத் தேற்றினார்.

குணமானதும் வாட்ஸ்அப்பில் நன்றி சொல்ல உட்கார்ந்தேன். தமிழில் எழுதினால் மேடைப்பேச்சு மாதிரி இருந்தது. ‘தேங்க்ஸ்’ ஆட்டோக்காரருக்கும் சொல்வதுதான். ‘அப்ரிஷியேட்’ என்றால் மேனேஜர் முதுகில் தட்டுவது போலிருந்தது. கடைசியில் ‘டீப்லி கிரேட்ஃபுல் ஃபார் எவ்ரிதிங்’ என்று அனுப்பிவிட்டுப் பெருமையாகச் சாய்ந்தேன்.

சற்று நேரத்தில் அக்கா மூச்சிரைக்க மாடியேறி வந்தார். அவர் மகள் அதைப் படித்து, ‘எல்லாவற்றுக்கும் ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்’ என்று அர்த்தம் சொல்லியிருக்கிறாள்.

“என்ன தம்பி, வீட்டக் காலி பண்றீங்களா? நாங்க எதுவும் தப்பாப் பேசிட்டமா?”

“ஐயோ, இல்லக்கா! நன்றிதான் சொன்னேன்.”

“ஊரவிட்டுப் போறவங்கதான் இப்படிச் சொல்லுவாங்க. கூட இருக்கிறவங்க சொல்லுவாங்களா?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. மொழி தேடுவதை விட்டேன். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“அந்த ரசம் இன்னுங் கொஞ்சம் இருக்காக்கா?”

அக்காவின் முகம் முழுக்கச் சிரிப்பு. “இருங்க, சூடு பண்ணிட்டு வாரேன்!”

இப்போதெல்லாம் மனதார நன்றி சொல்லத் தோன்றினால், தட்டை நீட்டி இரண்டாம் முறை கேட்டுவிடுகிறேன்.