மலர்விழியின் கல் பிராணிகள்

வெயிலில் கிடக்கும் கல்மரத்தில் கை வைத்தால் சுரீரென்று சுடும். மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரைக்கு, எங்கள் செஞ்சிப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். அவர்கள் கவனமெல்லாம் பஸ்ஸில் இருந்த புளிச்சோற்றில்... நான்தான் விடாமல் புதைபடிவப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

வல்லத்திலிருந்து வரும் மலர்விழி மட்டும் என்னை ஒட்டியே நடந்தாள். அண்ணன் போனில் ஒரு கேம் விளையாடுவாளாம். விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, சண்டைக்கு விட வேண்டும். அதில் புதைபடிவம் கிடைத்தால், அழிந்துபோன பிராணியை உயிரோடு எழுப்பித் தருவார்களாம். எழுந்து வருபவை எல்லாவற்றுக்கும் கல்லின் குணம் இருக்குமாம்.

“அதுங்க ஆதியிலயே கல்லுதான்னு நெட்ல எல்லாரும் எழுதறாங்க டீச்சர். தப்பு. உயிரோட இருந்தப்ப மெத்துனுதான் இருந்திருக்கும். கல்லுலருந்து எழுப்புறாங்க இல்ல, அதான் அந்தக் கொணம் ஒட்டிக்கிச்சு. இதோ, இந்த மரம் மொளச்சப்ப கல்லாவா மொளச்சுது?”

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

“பொம்மைக்கெல்லாம் ஆராய்ச்சியா? இந்த மூளைய பாடத்துல காட்டு” என்றேன். சத்தமாக. எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது செஞ்சி வரும்வரை பின்சீட்டுப் பையன்கள் விடவில்லை. “இன்னா கல்லு பொம்ம, சாப்டியா? இல்ல, உன்ன எழுப்பிட்டு ஊட்டணுமா?”

முன்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த வாரம் அதையே அறிவியல் கண்காட்சிக்கு வைக்கலாம் என்று சார்ட் வரைந்து வந்தாள். பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் அவள் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை. பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்துக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால், கோபக்கார டீச்சர் என்று மட்டும் என்னைச் சொல்லலாம்.

மறு வருடம் அதே பாடம். கல்மரப் படத்தைக் காட்டி எப்படி விளக்கியும் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. சட்டென்று என் வாயிலிருந்து வந்தது... “இந்த மரம் மொளச்சப்ப கல்லாவா மொளச்சுது?” வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன்பின் ஓய்வு பெறும்வரை வருடா வருடம் சொன்னேன். ஆசிரியர் பயிற்சியில் சொன்னேன், கைதட்டினார்கள். ஒருமுறைகூட மலர்விழி பெயரைச் சொன்னதில்லை.

போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறாளாம்.

“என் தங்கச்சியும் உங்ககிட்டதான் டீச்சர் படிச்சா. கல்மரத்துக்கு ஒரு கேள்வி கேப்பீங்களாமே, இன்னும் சொல்லிக்கினே இருக்குது. உங்களுக்குத்தான் டீச்சர் அப்படியெல்லாம் தோணும். எனக்கு சயின்ஸ் மண்டையிலயே ஏறல.”

குத்திக் காட்டவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உண்மையாகவே மறந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்த கேமைப் பற்றி போனில் தேடினேன். கல் பிராணிகள் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று ஊர்ப்பட்ட பேர் வாதாடுகிறார்கள். ‘இதை முதலில் சொன்னது நான்தான்’ என்று சண்டை வேறு. அன்று அவளுக்கு அப்படி ஒரு கூட்டம் இல்லை. நான் ஒருத்திதான் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மேல்மலையனூர் பஸ் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது. “அது நீ கேட்டதும்மா” என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

“ஆமாம்மா” என்று சிரித்துவிட்டு வந்தேன்.