நகரத்தில் ஓர் ஆள் குறைந்த நாள்

அவரை எல்லோரும் ‘பதினேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நகரக் காவல்துறை மூன்றே மூன்று நிலையங்களோடு தொடங்கியது. ஊர் வீங்க வீங்க நிலையங்களும் பெருகின. தினமும் காலை ஏழு மணிக்குக் கட்டுப்பாட்டு அறை அவற்றைத் தோன்றிய வரிசையிலேயே வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, ஆள் கணக்குக் கேட்கும். பதினேழாவதான கடைக்குட்டி, நீரேற்று நிலையத்தை ஒட்டிய ஓரறைப் புறக்காவல் நிலையம். அங்கே ஒற்றை ஆளாக ஒன்பது வருடம் குப்பை கொட்டியவர் இந்த ஏட்டு.

“பதினேழு, எத்தனை பேர்?” என்று ஒரு பெண்குரல் கேட்கும்.

“ஒருத்தர்மா.”

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் குரல் கட்டியிருந்தால் உடனே தெரிந்துவிடும். மனைவி போய், மகனும் வேறு ஊரில் குடும்பமாகிவிட்ட பிறகு, நாள் முழுக்க அவரிடம் யாராவது பேசினார்கள் என்றால் அது அந்த ஒரு கேள்வியாகத்தான் இருக்கும். அதற்காக ஆறரைக்கே முகம் கழுவி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

பிறகு நகரத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்தார்கள். காலை அழைப்பு நின்றது. இனி எண்ணிக்கையைக் கட்டுப்பாட்டு அறைக்குச் செல்போனில் அனுப்பினால் போதும் என்று மண்டல அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ‘1’ என்று அனுப்புவார். இரண்டு நீல டிக் விழும். அத்தோடு சரி.

நாற்பது நாள் பொறுத்தார். அடுத்த நாள், என்ன தோன்றியதோ, ‘0’ என்று தட்டி அனுப்பிவிட்டார். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. பொய்க் கணக்குக் கொடுத்தவனைத் துறை சும்மா விடாது.

பத்து மணிக்குப் போன் அடித்தது. அதே குரல்.

“ஏட்டையா, மொத்தம் கூட்டினா நகரத்துலயே ஒரு ஆள் குறையுது. பார்த்தா உங்க இடத்துல பூஜ்யம். எங்க இருக்கீங்க?”

“இங்கதாம்மா இருக்கேன்.”

“அப்புறம் ஏன் அப்படிப் போட்டீங்க?”

சொல்ல நாற்பது நாள் பேச்சு சேர்ந்து கிடந்தது. எதை முதலில் எடுப்பது என்று பிடிபடவில்லை.

“தப்பா விழுந்துடுச்சும்மா.”

அவள் சிரித்தாள். “இருக்கற ஆளையே இல்லாம பண்ணிட்டீங்களே. எழுத்துல விளக்கம் கேட்பாங்க, சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க” என்று வைத்துவிட்டாள்.

அவர் ஒரு தாளை எடுத்தார். ‘மேற்படி நாளில் இங்கே ஆள் இருந்தார். இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை’ என்று எழுதினார். இரண்டு தரம் படித்துப் பார்த்தார். நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அடுத்த தாளில் ‘கைத்தவறு’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.