எத்தனை பல் ஃப்ரீவீல்

சிகந்திராபாத் லாலாகூடாவில் ஐவியின் வீட்டுப் பின்பக்க வராந்தாவில் ஒரு மவுண்டன் சைக்கிள் ஐந்து மாதமாகத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. சீட்டும் ஹேண்டிலும் தரையில் ஊன்றியிருந்தன. பின்சக்கரம் தனியே சுவரில் சாய்ந்திருந்தது. அப்படிக் கவிழ்த்து வைத்தவர் அவள் கணவர் துரைராஜ். சனத்நகரில் ஓர் இன்ஜினியரிங் ஒர்க்ஸில் டர்னராக இருந்தார். 2008 ஜனவரியில் ஒரு ஞாயிறு மத்தியானம் கியர் வயர்களை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, "மிச்சம் அடுத்த வாரம்" என்று கையைக் கழுவிக்கொண்டார். வியாழக்கிழமை லேத் முன்னால் நின்றபடியே சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐவிக்குத் தார்நாகாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்து நூலகத்தில் வேலை. எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஆனால் அந்தச் சைக்கிளை மட்டும் அவள் நகர்த்தவில்லை. அதைச் சுற்றிப் பெருக்கினாள். சாரல் அடித்தால் பழைய பெட்ஷீட்டை எடுத்துப் போர்த்தினாள்.

அது மகள் ஸ்வீட்டி ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தது. இப்போது அவளே சொன்னாள்: "க்யா மம்மி, தினம் இதப் பாத்து அழுதுட்டிருக்கே. யாருக்காவது குடுத்துடலாமே?"

"நக்கோ" என்றாள் ஐவி. வேண்டாம் என்று அர்த்தம்.

அத்தோடு பேச்சு முடிந்தது. சிகந்திராபாத் வீடுகளில் நக்கோவுக்கு மேல் அப்பீல் கிடையாது.

ஜூன் மாதம், குக்கர் கைப்பிடியை முடுக்க ஸ்குரூடிரைவர் தேடியபோது அவருடைய டூல் பாக்ஸில் ஒரு சீட்டு கிடைத்தது. ஃபாக்டரி ஜாப் கார்டின் பின்பக்கத்தில், டிராயிங் எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்தார். தடித்த செயின். முன்பக்கம் நடுப் பல்சக்கரம் போதும். உயரமான ஹேண்டில். அகலமான சீட். முழு செயின் கவர். கடைசியில், பின்சக்கரத்துப் பல்சக்கரத்துக்கு, ஃப்ரீவீல் என்று எழுதி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'பல்' என்று முடித்திருந்தார். கோட்டின்மேல் எண் இல்லை.

இருபத்தொரு கியரையும் எடுத்துவிட்டு ஒற்றை கியர் வண்டியாக்கப் போனார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. அந்த ஒரு எண் தெரிந்தால் வண்டியை முடித்துவிடலாம்.

கழற்றிய பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்ரீவீலில் ஏழு பல்சக்கரங்கள் படியாக அடுக்கியிருந்தன. ஆறு சக்கரங்களின் பற்கள் கிட்டத்தட்ட புதிதாகவே இருந்தன. சின்னதிலிருந்து இரண்டாவது மட்டும் தேய்ந்து, ஒவ்வொரு பல்லும் ஒரு பக்கமாக வளைந்து கூராகியிருந்தது. மூன்று வருஷம் லாலாகூடாவிலிருந்து சனத்நகருக்கும் திரும்பவும் அவர் கால் மிதித்ததெல்லாம் இதன்மேல்தான். ஸ்வீட்டியின் நெயில் பாலிஷை ஒரு பல்லில் தொட்டு வைத்து எண்ணினாள். பதினாறு. விரலை அந்தக் கூரிலிருந்து எடுக்க அவளுக்கு மனசில்லை.

அந்தச் சனிக்கிழமை உலகநாதனை வரச்சொன்னாள். ஒர்க்ஸில் துரைராஜுக்குப் பக்கத்து லேத் அவனுடையது. பதினைந்து வருஷப் பழக்கம்.

"பதினாறு பல் போட்டுடு, உலகு."

"பதினாறா! பல்லு குறைஞ்சா மிதிக்கக் கனம். முட்டி கழண்டு கையில வந்துடும் அண்ணி."

"என் முட்டிக்கு என்ன? அவர் வண்டி. அவர் ஓட்டின மாதிரியே இருக்கட்டும்."

"யார் ஓட்டப்போறாங்க?"

"யாரும் ஓட்ட வேணாம். சும்மா நிக்கட்டும்."

உலகநாதன் அந்த ஜாப் கார்டை வாங்கிப் பார்த்தான். பார்த்தவன் தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணன் பேண்ட்டைச் சாக்ஸுக்குள்ள சொருகிக்கிட்டு ஓட்டுவாரு. அவருக்கு எதுக்கு அண்ணி முழு செயின் கவர்? அகல சீட்டு எதுக்கு?"

ஐவி அவன் கையிலிருந்த கார்டை எட்டிப் பார்த்தாள்.

"உங்க சுடிதார் மாட்டிக்கும்னு சொன்னாரு. எல்லாப் பார்ட்டும் முடிவாயிடுச்சு, பல்லு மட்டும் அவளை ஏத்தி ஓட்டிப் பாத்துட்டுத்தான் எழுதணும்னாரு. உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். அப்புறம் சொல்ல எனக்கு வாய் வரல."

அவளுக்கு ஞாபகம் வந்தது. முந்தின வருஷம் உஸ்மானியா யுனிவர்சிட்டிக்குள், ஆர்ட்ஸ் காலேஜுக்கு ஏறும் மேட்டில், அவர் நச்சரித்ததால் இந்த வண்டியில் ஏறினாள். பாதி மேட்டில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் செயின் நழுவி, முழங்கால் சிராய்த்துக்கொண்டாள். "இது சைக்கிளா, லாகரிதம் டேபிளா? ஒரே கியரா இருந்தா வரேன், போங்க" என்று கத்தினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இனிமேல் கூப்பிடாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னாள். அவர் அதை வாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"அப்ப எத்தனை பல் போடட்டும் அண்ணி?" என்று உலகநாதன் மெதுவாகக் கேட்டான்.

"பதினாறுதான்" என்றாள். இன்னொரு எண்ணைச் சொல்ல நாக்கு எழவில்லை.

அவன் கார்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். ராணிகஞ்சில் சாமான் வாங்கி, செயின் நேராக ஓட அச்சில் வாஷர்களை மாற்றிப் போட்டு, ஒரு வாரத்தில் வண்டியை நிமிர்த்தி நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், விடிந்தும் விடியாத நேரத்தில் ஐவி அதை அதே மேட்டில் ஓட்டிப் பார்க்க யுனிவர்சிட்டிக்குள் தள்ளிக்கொண்டு போனாள். பின்னாலேயே ஸ்கூட்டரில் உலகநாதன்.

சமதளத்தில் வண்டி அழகாகப் போனது. மேடு வந்ததும் பெடல் கல்லாக நின்றுவிட்டது. எழுந்து நின்று மிதித்தாள். உடம்பு முழுவதையும் போட்டு அழுத்தினாள். பத்தடிகூட ஏறவில்லை. இறங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி மூச்சு வாங்கினாள். இதை அவர் தினமும் உட்கார்ந்தபடியே மிதித்திருக்கிறார். அந்தக் கால்களின் பலத்தை இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"பதினெட்டு போடு" என்றாள்.

அடுத்த ஞாயிறு பதினெட்டில் பாதி மேடு வரை போனாள். வாக்கிங் வந்த ஒரு பெரியவர் "சாலு தல்லி, திகு" என்று கை காட்டினார். போதும், இறங்கம்மா என்கிறார். ஐவி சிரித்துவிட்டாள். ஐந்து மாதத்துக்கு அப்புறம் அவள் சிரித்ததை உலகநாதன் பார்த்தான். பார்க்காததுபோல் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் துடைத்தான்.

அதற்கடுத்த ஞாயிறு இருபது.

கீழே சமதளத்தில் கால் வேகவேகமாகச் சுற்றியது. வண்டியோ நிதானமாகத்தான் போனது. அவருடைய பதினாறு எங்கேயோ முன்னால் போயிருக்கும். மேட்டுக்கு மேலே ஒரு காலை நடைபாதையில் ஊன்றி, திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். கிண்டல் செய்வார். ஹார்லிக்ஸ் குடிச்சியா என்பார். ஐவி அந்த இடத்தின்மேல் கண்ணை வைத்துக்கொண்டே மிதித்தாள். நாகலிங்க மரத்தைத் தாண்டினாள். முன்பு விழுந்த இடத்தைத் தாண்டினாள். தொடை எரிந்தது, ஆனால் பெடல் நிற்கவில்லை. ஆர்ட்ஸ் காலேஜின் முகப்பு மெல்ல மேலெழுந்து வந்தது.

மேலே யாரும் நிற்கவில்லை. நடைபாதையில் வாதாம் இலைகள் விழுந்து கிடந்தன. ஐவி அங்கே தன் காலை ஊன்றி நின்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

ஸ்கூட்டர் வந்து பக்கத்தில் நின்றது.

"இருபதுதானா அண்ணி? இதையே இறுக்கிடலாமா?"

கேட்க வேண்டியவர் கேட்டிருந்தால் எத்தனை வாயாடியிருப்பாள். நாலு தடவை மாற்றச் சொல்லியிருப்பாள். சீட் குத்துகிறது என்றிருப்பாள்.

"இருபது" என்றாள். பிறகு வண்டியை இறக்கத்தைப் பார்த்துத் திருப்பினாள். "நீ போ உலகு. சர்ச்சுக்கு இன்னும் நேரம் இருக்கு. நான் இன்னொரு தடவை ஏறிட்டு வரேன்."