பால்குடமும் கயா பன்னும்

உளவியல் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள் நான். பிரிக்பீல்ட்ஸில் பகலெல்லாம் அலுவலகம், மாலையில் அங்கேயே வகுப்பு, பிறகு ரயிலேறிக் கிள்ளானுக்கு. மூன்றாவது முறையும் கோட்டைவிட்டால் கல்லூரியில் பெயரை எடுத்துவிடுவார்கள். பயத்தில் பத்துமலை முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டேன். அதோடு விட்டேனா? தைப்பூசத்தன்று வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து பாலை ஊற்றும்வரை பேசவே மாட்டேன் என்று மௌன விரதத்தையும் சேர்த்துக்கொண்டேன். என் வாயைப் பற்றித் தெரிந்தவர்கள் யாரும் நம்பவில்லை.

மணியடித்துச் சோறு போட்டுப் பழக்கினால், பிறகு மணிச் சத்தத்துக்கே நாய்க்கு எச்சில் ஊறும். அந்தப் பாடம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாய் தேவையில்லை. தினமும் காலையில் மோட்டார் சைக்கிளில் ரொட்டி, பன் விற்க வரும் ரொட்டி பாய் ரப்பர் ஹாரனை அமுக்கினால் போதும், நாக்கில் நீர் ஊற வாசலுக்கு ஓடிவிடுவேன், கயா பன்னுக்காக.

பால்குடத்துக்கு முன் சில வாரம் சைவ விரதம், முட்டை கூடாது. கயா என்பதோ தேங்காய்ப்பாலில் முட்டை சேர்த்துக் கிண்டும் இனிப்பு. எனவே ஹாரனைக் கேட்டபடி சமையலறையிலேயே நின்றேன். முதலில் உயிர் போனது. போகப் போக எச்சில் வற்றியது. பலன் கிடைக்காத பழக்கம் அணைந்துவிடும் என்று புத்தகம் சொன்னது சரிதான் என்று குதித்தேன். கடைசி வாரம் ரொட்டி பாய் ஊருக்குப் போய்விட்டார், அந்தத் தொல்லையும் இல்லை.

தைப்பூசத்தன்று புறப்படும்போது கணவர் மஞ்சள் துணியை நீட்டினார்.

"எதுக்கும் வாய்க்கு ஒரு கட்டு கட்டிக்க லா."

"மனச அடக்கப் படிச்சவளுக்குத் துணி எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, அத்தோடு வாயை மூடினேன்.

தலையில் குடம், சுற்றிலும் உறுமி மேளம். கண்ணில் நீர் தளும்ப நடந்தேன். உண்மையிலேயே பக்திதான். படிக்கட்டை நெருங்கும்போது பொம்மைக் கடைக்காரர் ஒரு ரப்பர் ஹாரனை அமுக்கினார். பாம், பாம்.

"பாய், நில்லுங்க! கயா பன் ரெண்டு!"

என் குரல்தான். கணவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து சிரித்தார். நானோ, நேர்ச்சை போச்சு, தேர்வும் போச்சு என்று நின்றேன். பின்னால் குடம் சுமந்து வந்த ஆன்டி ஒருவர் முதுகில் தட்டினார்.

"போம்மா, பால் கொட்டலல்ல. ஒன்னு ஒனக்கு, ஒன்னு முருகனுக்குக் கேட்டதா நெனச்சிக்க."

சிரிப்பு பீறிட்டது. குடம் குலுங்கக் குலுங்க மலை முழுக்கச் சிரித்துக்கொண்டே ஏறினேன்.

வீட்டுக்கு வந்து புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அணைந்த பழக்கம் சில நாள் ஓய்ந்திருந்துவிட்டுத் திடீரெனத் தலைதூக்கும் என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. அதற்கு முன் அந்தப் பக்கம்வரை நான் வந்ததே இல்லை.

தேர்வில் அதையேதான் சொந்த உதாரணத்தோடு விளக்கச் சொன்னார்கள். கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினேன்.

தேறிவிட்டேன். முடிவு வந்த மறுநாள் காலை ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் இரண்டு கயா பன் வாங்கினேன். முருகனுக்கு முட்டை ஆகாது என்பதால், அவர் பங்கையும் நானே சாப்பிட்டேன்.