கயிறு பிடிக்க ஓர் ஆள்

ஆம்பூர் மரங்களுக்கு வாய் இருந்திருந்தால், ஆதிகேசவன் தெருவில் வருவதைப் பார்த்ததும் ஓவென்று ஒப்பாரி வைத்திருக்கும். அவன் கொடுவாளைத் தீட்டும் சத்தம் கேட்டு வாணியம்பாடிக் காக்கைகள்கூடக் கூட்டைக் காலி செய்துகொண்டு ஓடிவிடுமாம். இப்படிச் சொன்னவன் வேறு யாரும் இல்லை, ஆதிகேசவனேதான்.

மரத்தை அடியோடு சாய்க்க ஊரில் நூறு பேர் இருந்தார்கள். அது ஆடு மேய்ப்பது மாதிரி, எவனும் செய்வான். ஓட்டுக் கூரைமேல் சாய்ந்து நிற்கும் பெருங்கிளையை, ஓடு ஒன்றுகூட உடையாமல், தூங்குகிற குழந்தையைத் தூளியில் கிடத்துகிற மாதிரி இறக்குவது வேறு வித்தை. அதற்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் ஆதிகேசவனை விட்டால் ஆள் இல்லை. அந்தக் கர்வத்தில் அவன் தரையில் நடக்கும்போதே மூக்கை மரத்து உச்சியில் வைத்துக்கொண்டு நடப்பான்.

தொழிலில் அவன் கறார். கொடுவாள் முழங்காலில் மயிரைச் சிரைத்தால்தான் கூர் என்று ஒத்துக்கொள்வான். அதனால் அவன் முழங்கால் இரண்டும் எப்போதும் மாப்பிள்ளை முகம் மாதிரி வழவழவென்று இருக்கும். தேங்காய் நார் வடத்தைத் தினமும் முறுக்கைப் பிரித்து மோந்து பார்ப்பான். பூசணம் வாசனை அடித்தால் அந்தக் கயிறு மாடு கட்டத்தான். மரம் ஏறுகிற நாளில் களி தின்ன மாட்டான். களி தின்றவன் மரத்தில் ஏறினால் களிதான் முதலில் கீழே இறங்கும் என்பான். கிளையை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டிவிட்டு, அப்புறம் மேலே வெட்டுவான். மேலே மட்டும் வெட்டினால் கிளை சாயும்போது பட்டையை உரித்துக்கொண்டு வந்து, வெட்டினவன் விலா எலும்பையும் கூடவே உரித்துவிடும்.

இவ்வளவும் அவன் கையில் இருந்தது. மிச்சம் பாதி கீழே நிற்கிறவன் கையில் இருந்தது. கிளையில் கட்டிய வடம் மேல் கவட்டை வழியாகக் கீழே வரும். அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அதை விட்டு விட்டுப் பிடிப்பவன் ஒருவன் வேண்டும். ஜாஸ்தி விட்டால் கூரை போகும். இறுக்கிப் பிடித்தால் கிளை ஊஞ்சலாடி வந்து மேலே இருப்பவனை அடித்துத் தள்ளும். கிளை எல்லாம் இறங்கிய பிறகு அதே வடத்தில் ஆதிகேசவனையும் இறக்க வேண்டும். இதைச் செய்தவன் பச்சையப்பன். அவன் பேசிப் பார்த்தவர்கள் கம்மி. ஆதிகேசவன் பக்கத்தில் இருந்தால் அவனுக்கு எங்கே வாய் திறக்க இடம்?

ஆதிகேசவனுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அவன் கைக்கு வலி தெரியாது. செவ்வெறும்புக் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவி, எறும்பு மொய்த்த கையைச் சட்டைக்கை மாதிரி எல்லாருக்கும் காட்டுவான். மழை இல்லாத மாதங்களில் பத்து வருஷமாகத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோல் புரட்டியவன். குழியில் வேலை செய்தவர்கள் எல்லாருக்குமே கை மரத்துத் தோல் தடித்திருக்கும். அதனால் ஊரே அதைச் சுண்ணாம்புக் கை என்றுதான் சொல்லிற்று. அவனும் அப்படித்தான் நம்பினான்.

ஒரு நாள் மத்தியானம் தோல் ஷாப் முற்றத்தில் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது, மேஸ்திரி ஜியாவுல்லா கருவேல முள் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஆதி, உன் கையில குத்தினா இன்னா பண்ணுவே?"

"குத்து பாய். முள்ளுதான் அழும்."

உள்ளங்கையில் குத்தினார். ஆதிகேசவன் கொட்டாவி விட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். விரலில் குத்தினார்கள், புறங்கையில் குத்தினார்கள். ஆளுக்கு ஒரு முள். அவன் ராஜா மாதிரி கையை நீட்டிக்கொண்டு, ஏலகிரி மலையில் கரடி கடித்தும் தனக்கு வலிக்காத கதையைச் சொல்ல ஆரம்பித்தான். கரடியை அவன் கண்ணால் பார்த்ததே கிடையாது.

கதை பாதியில் இருக்கும்போது ஜியாவுல்லா சும்மா விளையாட்டாகப் பின்பக்கம் போய், தோளுக்குக் கீழே வெளுத்திருந்த தேமல் ஒன்றில் முள்ளை நட்டார். ஆதிகேசவன் கரடியின் பல்லை அளந்து காட்டிக்கொண்டே இருந்தான். முள் அங்கேயே நின்றது. அவன் கையை ஆட்டினபோது முள்ளும் ஆடிற்று.

முதலில் சிரிப்பு நின்றது. அப்புறம் ஒருத்தன் எழுந்தான். அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள்.

"இன்னாடா? கரடிக்கே பயந்துட்டீங்களா?" என்றான் ஆதிகேசவன்.

"ஆதி," ஜியாவுல்லா இரண்டு அடி பின்னால் போயிருந்தார். "சுண்ணாம்பு உன் முதுகுல எப்படிடா பட்டுச்சு?"

அவன் திரும்பிப் பார்த்தான். தன் உடம்பில் ஒரு முள் குத்தி நிற்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அந்த வியாதியின் பெயரை யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. வாசல்வரை அவனுக்கு வழி விட்டார்கள், கலெக்டருக்குக்கூட அவ்வளவு அகலமாக வழி விட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்த எட்டு நாளில் ஊர் அவனைப் படுத்திய பாட்டுக்கு அளவே இல்லை. டீக்கடையில் அவன் குடித்த தம்ளரை உடைத்து, உடைந்த துண்டையும் உடைத்தார்கள். நேற்றுவரை அவன் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் அவன் நிழல் விழுந்த இடத்தைத் தாண்டிக் குதித்தார்கள். அதையெல்லாம்கூட அவன் தாங்கிக்கொண்டான். பச்சையப்பன் வீட்டு வாசலில் போய் நின்றதுதான் அவனைச் சாய்த்துவிட்டது.

"அண்ணா, அங்கியே நில்லு," என்றான் பச்சையப்பன். உள்ளே இருந்து அவன் பெண்டாட்டி கமலம், "கதவ சாத்துய்யா!" என்று கத்தினாள்.

"டேய் பச்சை, கயிறு மட்டும் புடி. நான் மேல, நீ கீழ. நடுவுல நாப்பது அடி இருக்குதேடா."

"கயிறு ஒண்ணுதானேண்ணா. உன் கை பட்டதுதானே என் கைக்கு வருது."

கதவு சாத்திக்கொண்டது. கொடுவாள் இருக்கிறது, வடம் இருக்கிறது, மரம் இருக்கிறது. கயிறு பிடிக்க ஆள் இல்லை. ஆள் இல்லாமல் மரம் கழிப்பவன் ஒரு மாதம் பிழைப்பான், அதற்குள் ஒரு கிளை அவனைக் கொண்டுபோய்விடும். ஆதிகேசவனுக்கு இது எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

ஒன்பதாம் நாள் காற்றும் மழையும் அடித்தது. தோல் ஷாப்பின் உலர்த்தும் கொட்டகை ஓரத்தில் நின்ற மாமரத்தில் ஒரு கிளை பாதி முறிந்து கூரைமேல் தொங்கிற்று. கிளை என்றா சொன்னேன்? அது தனியாக நட்டால் தோப்பு என்று வரி போடுவார்கள், அவ்வளவு பெரிசு. கொட்டகைக்குள் பதம் போட்ட தோல் நூற்றுக்கணக்கில் தொங்கியது. மரம் முழுக்கச் செவ்வெறும்பு. ஏறின இரண்டு பேர் ஏணியின் நாலாம் படியிலேயே வேட்டியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்து ஓடினார்கள்.

ஜியாவுல்லா வந்து ஆதிகேசவன் குடிசையிலிருந்து கல்லெறி தூரத்தில் நின்றார். "ஆதி, மொதலாளி சாயபு கூப்புடறார். பின்வாசல்ல வா, வெட்டு, பின்வாசல்லயே போயிடு. எதையும் தொடாதே."

"மரத்த தொடலாமா பாய்?"

"பேஜார் பண்ணாதடா."

"கயிறு யாரு புடிக்கிறது?"

"மாட்டு வண்டியில கட்டிடறோம்."

மாட்டுவண்டி கயிற்றை விட்டுப் பிடிக்குமா? கிளை கனம் இழுத்ததும் மாடு மிரண்டு மாதனூர் போய்ச் சேரும். ஆதிகேசவன் அதைச் சொல்லவில்லை. மனசுக்குள் வேறு கணக்கு ஒன்று ஓடிற்று. ஊர் பார்க்கப் பச்சையப்பன் ஒரே ஒரு தடவை தன் கயிற்றைப் பிடிக்க வேண்டும். பிடித்தும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஊர் பார்க்க வேண்டும். அப்புறம் யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். "சரி பாய், வர்றேன்," என்றான்.

ஏறினான். எறும்பு அவனைக் கல்யாணப் பந்தி மாதிரி வளைத்துக்கொண்டது. கழுத்தில் கடித்தது சுரீரென்றது. காதில் கடித்தது, இடுப்பில் கடித்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக எறும்பு கடிப்பதில் அவனுக்குச் சந்தோஷம் வந்தது. 'இங்கே வலிக்குது. இங்கேயும் வலிக்குது' என்று எண்ணிக்கொண்டே போனான். கைக்கு வந்ததும் எண்ணிக்கை நின்றுவிட்டது.

தன்னைக் குட்டைக் கயிற்றால் மரத்தோடு கட்டிக்கொண்டான். வடத்தைக் கவட்டையில் போட்டுக் கிளையில் கட்டினான். அடிவெட்டு வெட்டினான், மேல்வெட்டு முக்கால் வெட்டினான். கிளை 'கிர்ர்' என்று பல்லைக் கடித்தது. அங்கே நிறுத்திவிட்டு, கொடுவாளைக் கவட்டையில் கொத்தி வைத்துவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

"இன்னாடா ஆச்சு?" கீழே இருந்து முதலாளி இஷ்தியாக் அகமது சாயபு கத்தினார்.

"சாயபு, மாடு கயிறு புடிக்காது. பச்சையப்பன் வரணும். வெறுங்கையில புடிக்கணும். இல்லேன்னா இன்னும் ரெண்டு கொத்து, கொட்டாய் உங்க மாமியார் வூட்டுக்கு போயிடும்."

கீழே முற்றத்தில் அறுபது எழுபது பேர். அங்கேயே கூலி வேலை செய்த பச்சையப்பன் கூட்டத்தின் கடைசியில், தன்னைவிடக் குள்ளமான ஒருவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். நாலு பேர் அவனை மூங்கிலால் தள்ளி முன்னால் கொண்டுவந்தார்கள்.

"யோவ், தொடாதய்யா! புள்ளைங்க கீதுங்கய்யா!" தோல் கூடையைக் கீழே போட்டுவிட்டுக் கமலம் ஓடி வந்தாள்.

"தொட்டா இன்னாம்மா, கழுவிக்குவான்," என்றான் ஒருத்தன். அவன் தூரத்தில் பத்திரமாக நின்றுகொண்டிருந்தான்.

"புடிடா, நூறு தோலு கீழ கீது!" "ஆம்பளையாடா நீ?" என்று ஆளுக்கு ஒன்று கத்தினார்கள். சாயபு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "புடிக்கலைன்னா நாளைலேர்ந்து நீயும் வராதே, உன் பொண்டாட்டியும் வர வேணாம்."

பச்சையப்பன் மேலே பார்த்தான். "அண்ணா, வேணாம்ணா. உன் கால்ல வுழறேன்."

ஆதிகேசவனுக்கு ஒரு நொடி நெஞ்சு இளகிற்று. ஒரே நொடிதான். "கால் இங்க மேல கீது. கயிறு கீழ கீது. அத புடி," என்றான்.

பச்சையப்பன் பிடித்தான். கண்ணில் தண்ணீர் கொட்ட, வாய் என்னவோ முனக, ஆனால் கை மட்டும் தன் வேலையை மறக்கவில்லை. அடிமரத்தில் இரண்டு சுற்று. மேலே கொத்து விழ விழ, விட்டான், பிடித்தான், விட்டான். அந்தத் தோப்பு அத்தனையும் கூரையை உரசாமல் இறங்கி, முற்றத்தில் பூனை மாதிரி படுத்தது. ஓடு ஒன்றுகூட உடையவில்லை. அப்புறம் ஆதிகேசவனும் அதே வடத்தில் இறங்கினான். அவனை இருபதடி உயரத்தில் வைத்துக் கயிற்றை விட்டுவிடலாம் என்று பச்சையப்பனுக்குத் தோன்றாமல் இருந்திருக்காது. விடவில்லை.

தரையில் கால் பட்டதும் ஆதிகேசவன் கூட்டத்தைப் பார்த்து இளித்தான். "பாத்தீங்களாடா? புடிச்சான். இன்னா ஆச்சு அவனுக்கு?"

கூட்டம் பார்த்தது. பார்த்துவிட்டு, பச்சையப்பனைச் சுற்றியும் அதே அகலத்துக்கு விலகிற்று.

பச்சையப்பனுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. 'புடிடா புடிடா' என்று தொண்டை கிழியக் கத்தினவனைப் பார்த்து நடந்தான். கத்தினவன் தன் கையிலிருந்த மூங்கிலை நீட்டி அவனை நிறுத்தினான். "அங்கியே நில்லு பச்சை."

"நீதானடா புடிக்க சொன்னே?"

"சொன்னேன். தொட்டது நீதானே?"

பச்சையப்பன் கமலத்தைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அழுதுகொண்டே பின்னால் பின்னால் நடந்து போனாள். அழுகை நிற்கவில்லை, நடையும் நிற்கவில்லை. ஜியாவுல்லா பின்வாசலைத் திறந்து வைத்தார். இரண்டு பேருக்குமாக.

இரண்டு பேரும் வேலூர்ப் பக்கத்துக் குஷ்டரோக ஆஸ்பத்திரி ஒன்றுக்கு நடந்தே போனார்கள். வழி நெடுகப் பச்சையப்பன் திட்டிய திட்டை எழுதினால் காகிதம் கருகும். இருபது வருஷமாக வாய் திறக்காத மனுஷன், சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் முப்பது மைலில் தீர்த்தான். டாக்டர் ஆதிகேசவன் தோளில் எண்ணெய் ஊசி போட்டு, வாரா வாரம் வரச் சொன்னார். பச்சையப்பனைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, "உனக்கு ஒண்ணும் இல்லை. இது கயித்துல எல்லாம் எறங்கி வராது, போய் வேலையப் பாரு," என்று சொல்லி, அதையே சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

சீட்டை எடுத்துக்கொண்டு பச்சையப்பன் ஆம்பூருக்குப் போனான். கமலம் வாசலில் நின்று கேட்டாள். "காயிதம் சொல்லுது, சரி. ஊரு சொல்லலையே. போன மாசம் பெரிய பொண்ணுக்கு மாப்ள பாத்துட்டு போனவங்க திரும்பி வரவேண்டாமா? போயிடுய்யா."

அவன் ஆதிகேசவனிடமே திரும்பி வந்தான். வேறு எங்கே போவான்? அவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்று, அதற்கு மேலே ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கீழே ஓர் ஆள் வேண்டும்.

அதற்குப் பிறகு கணியம்பாடிப் பக்கம், யாரும் அறியாத ஊர்களில், இரண்டு பேரும் சேர்ந்துதான் மரம் கழித்தார்கள். ஆதிகேசவன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஏறுவான். பதினோரு வருஷம். சாப்பாடு தனி, படுக்கை தனி. பச்சையப்பன் அவனோடு பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டக்கூட இல்லை. ஆதிகேசவன் வழக்கம்போலக் கரடிக் கதை சொல்லுவான், கரடி வருஷத்துக்கு வருஷம் பெரிசாகிக்கொண்டு போயிற்று. பச்சையப்பன் சிரிக்க மாட்டான்.

தினமும் வேலை முடிந்து, வடத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, கிளையிலிருந்து காலை எடுக்கும் முன்னால் ஆதிகேசவன் கீழே எட்டிப் பார்ப்பான்.

"டேய் பச்சை, புடிச்சிகிறியா?"

கீழேயிருந்து பதில் வராது. நாற்பது அடிக்குக் கீழே ஒரு மண்டை மட்டும் தெரியும். அந்த மண்டைக்குள் இன்றைக்கு என்ன ஓடுகிறது என்று மேலேயிருந்து தெரியாது. கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்க்கலாம் என்றால், அந்தச் சுண்ணாம்புக் கைக்கு இறுக்கமும் தெரியாது, தளர்வும் தெரியாது.

காலை எடுத்துவிடுவான்.